இயர்பட்ஸ் லேப்டாப்பில் மட்டும் சேர மாட்டேன் என்கிறது, நாளை காலை இண்டர்வியூ, உதவுங்கள்

வடவள்ளி வாசி | இரவு 9:12
எல்லோருக்கும் வணக்கம். என் இயர்பட்ஸ் லேப்டாப்பில் சேர மாட்டேன் என்கிறது. போனில் நன்றாக வேலை செய்கிறது. லேப்டாப்பில் பெயர் காட்டுகிறது, அமுக்கினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. நான் எதையும் மாற்றவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நாளை காலை 10 மணிக்கு வீடியோ இண்டர்வியூ. அவசரம்.

பொட்டி தட்டி | இரவு 9:15
என்ன லேப்டாப், என்ன சிஸ்டம், என்ன இயர்பட்ஸ்? எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் என்றால் எதையெல்லாம்?

ரூட்டர் ராமலிங்கம் | இரவு 9:16
வைஃபை ரூட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையில் பாதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒரே குழாயடியில் இரண்டு குடும்பம் குடம் வைத்தால் என்ன ஆகும்? வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் நிறுத்துங்கள். யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள், அதுவும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

வாத்தியார் | இரவு 9:21
கேள்வியில் தகவல் என்று ஒன்றுமே இல்லை. டாக்டரிடம் போய், "உடம்பு சரியில்லை, நாளைக்குக் கல்யாணம், மருந்து கொடுங்கள்" என்பது போல இருக்கிறது. இதற்கு நானே குறைந்தது இருபது முறை பதில் எழுதியிருப்பேன். தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. டிரைவரைப் புதுப்பிக்கவும்.

பொட்டி தட்டி | இரவு 9:23
சார், அவர் எந்த சிஸ்டம் என்றே இன்னும் சொல்லவில்லை. எந்த டிரைவரை?

கொத்து புரோட்டா | இரவு 9:26
எனக்கும் இப்படித்தான் இருந்தது நண்பா. கேஸுக்குள் சார்ஜ் ஏறும் ஊசி முனைகள் இருக்கும் பாருங்கள், அதில் காது அழுக்கு படிந்திருந்தது. பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், சரியாகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான்.

பொட்டி தட்டி | இரவு 9:27
போனில் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறாரே. அழுக்கு லேப்டாப்பைப் பார்த்தால் மட்டும் தடுக்குமா?

கொத்து புரோட்டா | இரவு 9:28
துடைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

மாடி வீடு | இரவு 9:30
போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு முயன்றீர்களா? மூடியைத் திறந்ததும் பட்ஸ் கடைசியாகச் சேர்ந்த போனைத்தான் தேடிப் போகும். விலை குறைந்தவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேரும் வசதி இருக்காது. எங்கள் வீட்டில் கணவரின் போன் அடுத்த அறையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒருநாள் அலுவலக மீட்டிங் நடுவில் என் காதில் கிரிக்கெட் வர்ணனை ஓடியது.

வடவள்ளி வாசி | இரவு 9:41
மன்னிக்கவும், அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். லேப்டாப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, விண்டோஸ் 11. பட்ஸ் தள்ளுபடியில் 1,299 ரூபாய். பிராண்டைச் சொன்னால் அதை வைத்துச் சண்டை வரும், வேண்டாம். போனில் புளூடூத்தை அணைத்தும் பார்த்தேன் அக்கா, மாற்றமில்லை. ராமலிங்கம் அண்ணா, வீட்டில் ரூட்டரே கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான்.

ரூட்டர் ராமலிங்கம் | இரவு 9:42
ஹாட்ஸ்பாட்டும் 2.4இல் ஓடலாம் தம்பி. போன் செட்டிங்கில் பார்த்து மாற்றுங்கள்.

தறி ஓசை | இரவு 9:44
ஒரே ஒரு கேள்வி. லேப்டாப்பில் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சேர்கிறதா, இல்லையா?

பொட்டி தட்டி | இரவு 9:47
ராமலிங்கம் அண்ணா, கோபிக்காதீர்கள். சாதாரண புளூடூத் 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். நெரிசலான தடத்தை விட்டு விலகிப் போகிற வித்தையும் 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே உண்டு. வைஃபை இரைச்சல் இருந்தால் பாட்டு விக்கும், குரல் வெட்டி வெட்டி வரும். கதவையே திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்காது.

ரூட்டர் ராமலிங்கம் | இரவு 9:50
புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். நான் களத்தில் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன்.

வயரே துணை | இரவு 9:53
நாளைக்கு இண்டர்வியூ. பக்கத்துக் கடை இன்னும் திறந்திருக்கும். 150 ரூபாய்க்கு வயர் ஹெட்செட் வாங்கிச் செருகுங்கள். சார்ஜ் வேண்டாம், பேரிங் வேண்டாம், நீக்கிச் சேர்க்க வேண்டாம். 2016இல் ஐபோன் 7இல் அந்த 3.5 மில்லிமீட்டர் துளையை அடைத்தார்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

மாடி வீடு | இரவு 9:55
இரண்டு வயது குழந்தை உள்ள வீட்டில் வயர் ஹெட்செட் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

வயரே துணை | இரவு 9:57
இன்னொன்றும் சொல்கிறேன். பட்ஸின் மைக்கில் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இண்டர்வியூ எடுப்பவர் பாவம்.

பொட்டி தட்டி | இரவு 10:01
இது பாதி சரி. பாட்டு கேட்கும்போது புளூடூத் ஒருவழிப் பாதை, முழுத் தரத்தில் ஸ்டீரியோ வரும். மைக் திறந்ததும் போன் பேசுகிற முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி மாதிரி எடுப்பது பெரும்பாலும் நொடிக்கு 16,000 முறை, பழைய கருவி என்றால் 8,000 முறைதான். அதனால் உங்கள் குரல் மட்டுமல்ல, உங்களுக்குக் கேட்பதும் மட்டமாகிவிடும். மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. தம்பி, பட்ஸ் சேர்ந்த பிறகு இதையும் செய்துகொள்ளுங்கள்.

வாத்தியார் | இரவு 10:04
1,299 ரூபாய்ப் பொருளில் தரத்தைப் பற்றிப் பேசுவதே வேடிக்கை. எல்டாக் என்ற ஒலிச் சுருக்க முறை இருந்தால் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். நான் அதைத் தவிர வேறெதிலும் கேட்பதில்லை.

வயரே துணை | இரவு 10:05
அவர் இண்டர்வியூ கொடுக்கப் போகிறார் சார், கச்சேரி கேட்க அல்ல.

சொல்வேட்டை | இரவு 10:08
எல்லோரும் புளூடூத், பேரிங் என்றே எழுதுகிறீர்கள். ஊடலை என்று நல்ல சொல் இருக்கிறது. வைஃபைக்கு அருகலை, ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை. பேரிங் என்பதை இணைத்தல் என்றால் என்ன குறைந்துவிடும்?

வயரே துணை | இரவு 10:09
ஊடலைதான் ஐயா. அங்கே அதுதானே நடந்துகொண்டிருக்கிறது. போனோடு கூடல், லேப்டாப்போடு ஊடல்.

சொல்வேட்டை | இரவு 10:12
ஊடு, அலை. ஊடாகச் செல்லும் அலை என்று பொருள். ஊடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாத்தியார் | இரவு 10:16
வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை இங்கே கொண்டுவர வேண்டாம். புளூடூத் என்பது ஒரு ராஜாவின் பெயர். 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத். அந்தச் சின்னமே அவர் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டையும் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதுதான். ராஜா பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? ராஜராஜனை வெள்ளைக்காரன் மொழிபெயர்த்தா எழுதுகிறான்?

சொல்வேட்டை | இரவு 10:19
அது அவர் பெயரல்ல, பட்டப்பெயர். கரிகாலன் மாதிரி. கால் கருகியவன் கரிகாலன் என்றால், பல் நீலமானவன் நீலப்பல்லன்.

கொத்து புரோட்டா | இரவு 10:20
நீலப்பல்லனை ஆன் செய்துவிட்டுத் தேடவும். நன்றாகத்தான் இருக்கிறது.

தறி ஓசை | இரவு 10:24
கேட்டவர் எங்கே போனார்? நான் கேட்டதற்குப் பதில் வந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வடவள்ளி வாசி | இரவு 10:33
இருக்கிறேன் அண்ணா, பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீக்கிவிட்டுச் சேர்த்தால் உடனே சேர்ந்துவிடுகிறது. இப்போதும் சேர்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் திறந்தால் பழைய கதை. ஒரு வாரமாகத் தினமும் நீக்கி நீக்கிச் சேர்க்கிறேன். இண்டர்வியூ நேரத்தில் காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்.

பொட்டி தட்டி | இரவு 10:34
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒன்றரை மணி நேரமாக டென்மார்க் வரை போய்விட்டு வந்துவிட்டோம்.

கொத்து புரோட்டா | இரவு 10:35
துடைத்ததும் சேர்ந்துவிட்டது, கவனிக்கவும்.

தறி ஓசை | இரவு 10:37
காலையில் சேராமல் போவதற்கு முன்னால், முந்தைய நாள் மாலையில் லேப்டாப்பில் என்ன செய்வீர்கள்? அற்பமாகத் தோன்றினாலும் சொல்லுங்கள்.

வடவள்ளி வாசி | இரவு 10:40
ஒன்றுமில்லை அண்ணா. போன வாரம் கல்லூரி புராஜெக்ட்டுக்காக விண்டோஸோடு கூடவே உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டமும் போட்டேன், சாயங்காலம் அதில் உட்கார்ந்து வேலை செய்வேன். இதே பட்ஸில் பாட்டு கேட்டுக்கொண்டே. அதிலும் தினமும் நீக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

பொட்டி தட்டி | இரவு 10:41
"நான் எதையும் மாற்றவில்லை."

தறி ஓசை | இரவு 10:52
இதுதான் விஷயம். பட்ஸிலும் கோளாறு இல்லை, லேப்டாப்பிலும் கோளாறு இல்லை.

முதல் தடவை சேரும்போது லேப்டாப்பும் பட்ஸும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்கின்றன, 128 பிட் நீளம். இரண்டு பக்கமும் அதைச் சேமித்துவைக்கும். அடுத்த தடவை அதே சாவியைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பட்ஸ் அந்தச் சாவியை லேப்டாப்பின் புளூடூத் முகவரியை வைத்து நினைவில் கொள்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருப்பதோ ஒரே புளூடூத் சில்லு, ஒரே முகவரி. மேல் போர்ஷனில் விண்டோஸ், கீழ் போர்ஷனில் உபுண்டு, இருவருக்கும் ஒரே கதவு எண்.

உபுண்டுவில் சேர்த்தீர்கள், புதுச் சாவி பிறந்தது. பட்ஸ் அதே முகவரிக்கான பழைய சாவியை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டது. விண்டோஸுக்கு இது தெரியாது. காலையில் பழைய சாவியோடு போய்க் கதவைத் தட்டுகிறது, பட்ஸ் "நீ யார்?" என்கிறது. நீக்கிச் சேர்த்ததும் விண்டோஸின் சாவி புதிதாகிறது, உபுண்டுவின் சாவி செல்லாததாகிறது. போனுக்கு வேறு முகவரி, அதனால் அதற்குப் பிரச்சினையே வரவில்லை.

இன்றிரவுக்கு: இப்போது விண்டோஸில் சேர்ந்திருக்கிறது அல்லவா, அப்படியே விடுங்கள். இண்டர்வியூ முடியும் வரை உபுண்டு பக்கமே போகாதீர்கள். லேப்டாப்பை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, தானாகச் சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, நாளை மாலை: முதலில் உபுண்டுவில் சேருங்கள், அதற்குப் பிறகு விண்டோஸில். இந்த வரிசை மாறக் கூடாது, பட்ஸிடம் கடைசியாக விண்டோஸின் சாவி இருக்க வேண்டும். பிறகு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ், பிடிஹெச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்று இறங்கிப் போனால் லேப்டாப்பின் முகவரி பெயரில் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் பட்ஸின் முகவரிக்கு நேராக அந்தச் சாவி. சாதாரண அட்மின் உரிமையில் பெட்டி காலியாகத் தெரியும், சிஸ்டம் கணக்கின் உரிமையோடு திறக்க வேண்டும். 32 எழுத்துகளையும் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் வார், லிப், புளூடூத் என்ற அடைவுக்குள் லேப்டாப் முகவரி, அதற்குள் பட்ஸ் முகவரி, அதற்குள் இன்ஃபோ என்ற கோப்பு. ரூட் உரிமையோடு திறந்து, லிங்க்கீ பகுதியில் இருக்கும் சாவியை எடுத்துவிட்டு விண்டோஸின் சாவியைப் பெரிய எழுத்தில் இடைவெளியோ காற்புள்ளியோ இல்லாமல் எழுதுங்கள். புளூடூத் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி இருவர் கையிலும் ஒரே சாவி.

ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயமாக இருந்தால் ஒரு யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் குட்டிப் புளூடூத் கருவி) வாங்கி உபுண்டுவில் மட்டும் பயன்படுத்துங்கள், உள்ளே இருப்பதை அங்கே அணைத்துவிடுங்கள். டாங்கிளுக்குத் தனி முகவரி, சண்டை தீர்ந்தது.

மாடி வீடு | இரவு 10:58
என் தம்பி இதே காரணத்தால் ஒரு நல்ல ஹெட்போனைப் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டான். மாற்றி வந்ததும் அதே மாதிரி. இப்போதுதான் புரிகிறது.

வாத்தியார் | இரவு 11:02
நான் சொல்ல வந்ததும் இதுதான். டிரைவர் என்று சுருக்கமாகச் சொன்னேன்.

பொட்டி தட்டி | இரவு 11:03
சரி சார்.

தறி ஓசை | இரவு 11:10
தம்பி, ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா? தானாகச் சேர்ந்ததா?

சொல்வேட்டை | இரவு 11:15
டாங்கிளுக்குச் செருகி என்று சொல்லலாம்.

வடவள்ளி வாசி | மறுநாள் பகல் 1:52
இண்டர்வியூ முடிந்தது. கடைசி வரை அறுபடவில்லை. லேப்டாப் மைக்கில்தான் பேசினேன். தறி ஓசை அண்ணாவுக்கு மிக்க நன்றி, எல்லோருக்கும் நன்றி.

மாடி வீடு | பகல் 1:58
வேலை கிடைத்ததா தம்பி?

தறி ஓசை | மறுநாள் இரவு 8:20
உபுண்டு பக்கம் என்ன செய்தீர்கள், சாவியை மாற்றினீர்களா, டாங்கிள் வாங்கினீர்களா? இதே பிரச்சினையோடு இன்னொருவர் தேடி வந்தால் உதவும், ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

ரூட்டர் ராமலிங்கம் | மூன்று நாள் கழித்து, காலை 7:05
எதற்கும் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவையுங்கள் தம்பி.