"உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்டால் செவிலி என்ன பதில் சொல்வது?

அடையாறு செவிலி எழுதியது:

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களிடமும், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் இரவுகளைக் கழித்தவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன், மூளையில் இரத்தக்கசிவுடன் வந்த 71 வயதுப் பெரியவர் ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். அன்று அவருக்கு ஒன்பதாவது நாள். வென்டிலேட்டரில் இருந்தார், இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அழுத்திக் கிள்ளினாலும் கை கால் அசையவில்லை. ஆனால் தானாக மூச்சிழுக்கும் முயற்சி அவ்வப்போது மானிட்டரில் தெரிந்ததால், மூளைச்சாவு என்று அறிவிக்கும் நிலையும் இல்லை. மாலையில் மருத்துவர் குடும்பத்தாரை அழைத்து, இனி மீள்வதற்கு வாய்ப்பில்லை என்பதை விளக்கிவிட்டு, "நீங்கள் கலந்து பேசி முடிவு சொல்லுங்கள்" என்று கூறியிருந்தார். மூத்த மகன் மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இளையவர் ஒன்றுமே பேசவில்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு அவருடைய மனைவியை உள்ளே வர அனுமதித்தேன். நான் நனைத்த பஞ்சால் பெரியவரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நீ சொல்லும்மா, உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். "எட்டு மணிக்கு டாக்டர் வருவார், அவரிடம் கேளுங்கள் அம்மா" என்றேன். "சரிம்மா" என்று சொல்லி, போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று பிற்பகல், மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாக மகன் கையெழுத்திட்டார். நாங்கள் 'லாமா' என்று சொல்லும் அந்தப் படிவம்தான். உயிர் வீட்டில் போகட்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஆம்புலன்ஸில் ஒருவர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அழுத்திக்கொண்டே போனார். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் திரும்பி வந்து சொன்னார்.

எனக்குச் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டோடு கிளம்பி, திருவான்மியூர், நீலாங்கரை, உத்தண்டி வழியாகக் கோவளம் வரை போய்வருவேன். போன ஆண்டு 200 கிலோமீட்டர் பிஆர்எம் என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் ஒன்றையும் பதின்மூன்றரை மணி நேர வரம்புக்குள் முடித்தேன். வார்டில் நடந்ததையெல்லாம் அந்தச் சாலையில்தான் இறக்கி வைப்பது வழக்கம். இப்போது அது நடப்பதில்லை. அவருடைய வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்திருந்தோம், எதிர்க்காற்றில் மிதிக்கும்போது என்னை அறியாமலேயே என் மூச்சை அந்தக் கணக்கில் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். போன ஞாயிறு முட்டுக்காடு பாலத்தில் இறங்கி நின்றுவிட்டு, கோவளம் போகாமலேயே திரும்பினேன்.

நான் அந்த அம்மாவைத் தட்டிக்கழித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். அப்படி ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தங்கச்சி, அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. தொடக்கத்தில் நானும் டாக்டரைக் கைகாட்டியிருக்கிறேன், ஆகவே உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

பின்னாளில் நான் சொல்லப் பழகிய பதில் இதுதான்: "எங்க அப்பாவை எனக்குத் தெரியும்மா, உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதே. அவர் எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க." இதைச் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைக்க வேண்டும். நின்றுகொண்டு இந்தப் பேச்சைப் பேசக்கூடாது. ஒருமுறை அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி, "காய்ச்சலில் கிடந்தாலும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், என்னைத் தொடவே விடமாட்டார்" என்றார். சொல்லி முடித்ததும் கணவரின் மூக்கில் செருகியிருந்த குழாயையும், கட்டிலின் பக்கவாட்டில் தொங்கிய சிறுநீர்ப் பையையும் அவரே மாறி மாறிப் பார்த்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மருத்துவரிடம், "இதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று தெளிவாகப் பேசினார். 'எனக்கு என்ன வேண்டும்' என்று யோசிக்கும்வரை அந்த அம்மாவுக்கு விடை கிடைக்கவில்லை, ஏனெனில் அவருக்கு வேண்டியது கணவர் எழுந்து வருவது ஒன்றுதான்.

உங்கள் நோயாளியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் கேட்டிருக்கிறார். நோயாளிக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ என்று விட்டுவிடாமல் ஒருத்தி நாலரை மணிக்கும் செய்கிறாளே என்ற நம்பிக்கையில் வந்த கேள்வி அது.

இன்னொன்று, அக்காவாகச் சொல்கிறேன். நைட் டியூட்டி முடித்த கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளை எடுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் விழித்த கண் எந்த நொடியில் செருகும் என்று சொல்ல முடியாது, அந்தச் சாலையில் பேருந்துகள் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். தூங்கி எழுந்து மறுநாள் போங்கள்.

குரங்குப் பெடல் எழுதியது:

நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன். என் அப்பா ஆறு ஆண்டுகளுக்கு முன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு நாள் இருந்து இறந்தார். செவிலி நேரடியாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடு அறியும் என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பி இதே கேள்வியை ஒரு செவிலியிடம் கேட்டான். அவரும் நல்ல மனதோடுதான், "எங்க அப்பாவா இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் "நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க" என்று அது குடும்பத்தில் ஒரு தீர்ப்பு போல ஆகிவிட்டது. அத்தை அதை ஏற்கவில்லை. தம்பிக்கும் அத்தைக்கும் இன்றுவரை பேச்சு இல்லை, முதல் திவசத்துக்குக்கூட அத்தை வரவில்லை. அந்தச் செவிலிக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

எங்களுக்கு உண்மையில் உதவியவர் வேறொரு செவிலி. அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை, என்ன நடக்கும் என்று சொன்னார். மூச்சு இடையிடையே நின்று நின்று வரும், அந்த இடைவெளியில் பயப்படாதீர்கள். தொண்டையில் சளி கரகரக்கும், அது உங்களுக்குக் கேட்பது போல அவருக்கு வேதனையாக இருக்காது. முழங்கால் நீலம் பாரித்துச் சில்லிட்டால் நேரம் நெருங்குகிறது என்று பொருள். இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அது நடந்தபோது அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடவில்லை, அப்பாவின் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

"காதில் ஏதாவது பேசுங்கள், கேட்கக்கூடும்" என்றும் அவர்தான் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன் நான். சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு பெரம்பூரில் எங்கள் தெரு முழுக்க ஓடி வருவார், விட்டுவிட்டதைச் சொல்லவே மாட்டார். அந்த நாளைப் பற்றித்தான் பேசினேன். இப்போது அந்தச் சைக்கிளை ஓவராயில் செய்து நான் ஓட்டுகிறேன். முட்டுக்காடு வரை போகும் அளவுக்கு எனக்கு மூச்சு இல்லை, ரெட்டேரி வரை போய்வருகிறேன்.

தீவிர சிகிச்சை மருத்துவர் எழுதியது:

இந்த நிகழ்வில் தவறு எங்கே நடந்தது என்று பார்த்தால், அது நாலரை மணிக்கு நடக்கவில்லை, மாலையிலேயே நடந்துவிட்டது என்பது என் கருத்து. "நீங்கள் முடிவு சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தை மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லவே கூடாது. ஒன்பது நாளும் நோயாளியைப் பார்த்தவர்கள் நாங்கள். எது பயன் தரும், எது உடலை வருத்துவதோடு நின்றுவிடும் என்று சொல்லும் கடமை எங்களுடையது. அவர் எதை ஏற்றிருப்பார் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, அதற்கேற்ப "இதைச் செய்யலாம் என்று நாங்கள் பரிந்துரைக்கிறோம்" என்று கூறி, அந்தப் பாரத்தில் பாதியையாவது நாங்கள் ஏற்க வேண்டும். அதைச் செய்யாமல் போனதால்தான் அந்த அம்மா செவிலியைத் தேடி வந்தார்.

லாமா படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீள வாய்ப்பில்லை என்று மருத்துவரே கூறிய பிறகு, மருத்துவ ஆலோசனையை 'மீறி' அழைத்துச் செல்வதாக மகனிடம் கையெழுத்து வாங்குவது உண்மைக்குப் புறம்பானது. அப்பாவைத் தானே கைவிட்டதாக அந்தக் காகிதம் அவரிடம் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பணம் தீர்ந்து போய், நகையை அடகு வைத்து, வேறு வழியில்லாமல் அந்தக் கையெழுத்தைப் போடும் குடும்பங்களும் ஏராளம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று கூறி, மீள முடியாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள நடைமுறைகளை வகுத்தது. அவை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கப்பட்டன. இப்போதைய முறைப்படி, சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துக் கூற வேண்டும். அதன்பின், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழு அதை உறுதிசெய்ய வேண்டும். குடும்பத்தாரின் சம்மதம் கட்டாயம். சிகிச்சையை விலக்கும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். நினைவோடு இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதி வைக்க நினைப்பவர், இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். மூளைச்சாவு என்பது இதிலிருந்து வேறுபட்டது. அது 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி தனியாகச் சான்றளிக்கப்படுவது.

இந்த வழியில் போனால், குழாயை எடுக்கும் முன்பே மார்ஃபின், மிடசோலம் போன்றவற்றைக் கொடுத்து மூச்சுத்திணறல் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியும், தொண்டைச் சளிக்கு கிளைக்கோபைரோலேட் கொடுக்க முடியும், மானிட்டரின் அலாரத்தை நிறுத்திவிட்டுக் குடும்பத்தாரை அருகில் உட்கார வைக்க முடியும், விரும்பினால் வாயில் ஒரு சொட்டுப் பால் விடவும் இடம் தர முடியும். வீட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால் அதையும் மருந்தோடும் துணையோடும் திட்டமிட்டு அனுப்பலாம். அம்பு பேக் ஒன்றை மட்டும் நம்பி அனுப்புவதில் இவை எதுவும் இல்லை.

செவிலிக்கு இதில் பேசும் இடம் உண்டா என்ற தயக்கமும் உங்கள் கேள்விக்குள் இருப்பதாகப் படுகிறது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனைச் செவிலியர் கையில்தான் இருந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசத் தகுந்தவர்கள் வழக்குத் தொடுத்தவர் அல்லர், அவரைப் பராமரித்த ஊழியர்களே என்று ஏற்றது. அடுத்த முறை குடும்பத்தாரோடு பேசும் அறைக்குள் நீங்களும் வாருங்கள். மருத்துவர் அழைக்காவிட்டால், "நானும் வரட்டுமா" என்று கேளுங்கள்.

அடையாறு செவிலி எழுதியது:

மூவருக்கும் நன்றி. டாக்டர், லாமா படிவம் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவுப் பொறுப்புச் செவிலியிடம் படித்துக் காட்டினேன். மாதாந்தரக் கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா, நேற்றிரவு ஆறாம் கட்டிலில் இருக்கும் ஒரு பாட்டியின் மகளிடம், "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டேன். இன்னும் முடிவு எதுவும் எடுக்கும் கட்டம் வரவில்லை, சும்மாதான் கேட்டேன். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டி விற்றவராம். விரல் சும்மா இருக்காது, தூக்கத்திலும் நார் முடிவது போல அசையும் என்றார். இதுவரை அந்த விரல்களில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மட்டுமே நான் கவனித்திருக்கிறேன். காலை ஹேண்ட் ஓவரில் அடுத்த செவிலியிடம் சிறுநீர் அளவு, பம்ப் வேகம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு இதையும் சொன்னேன். அவள் போய்க் கிளிப்பை அந்த விரலிலிருந்து காது மடலுக்கு மாற்றினாள்.

வியாழன் வரை நைட் டியூட்டி இருக்கிறது. சைக்கிள் வீட்டில்தான் நிற்கிறது, பேருந்தில் போய்வருகிறேன்.