386 போட்டுக்குத் தேசிக்காயாம்! இந்தக் கூத்தை ஆர் தொடக்கினது?

வாவிக்கரை386:
ரெண்டு நாளா ஒரு பதிவு கைக்குக் கை மாறித் திரியுது. "பழைய 386, 486 கணினி மதர்போட்டில பற்றரி கசிஞ்சு பச்சை பிடிச்சாப் பயப்பட வேணாம். அரைத் தேசிக்காயை வெட்டி அப்பிடியே தேய்ங்க, அஞ்சு நிமிசத்தில பளபளக்கும்." எழுதினவர் ஆரையம்பதியான். கீழ ஒரு கூட்டமே கைதட்டுது. பளபளக்கிறதுக்கு அது என்ன குத்துவிளக்கா?

பச்சை போறது வேற, கசிவு போறது வேற. மேல தெரியிற பச்சை செம்பு உப்பு, அது எந்தப் புளிக்கும் கரையும். கசிவு நிக்கிறது போட்டில அடிச்ச பச்சைப் பெயின்ற் பூச்சுக்குக் கீழ, போட்டின்ர மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இணைக்கிற துளைகளுக்குள்ள, ஐசி சொக்கற்றுக்கு அடியில. தேசிக்காய் அங்க போகாது. சக்கைதான் போகும். அமிலம் வேணும் எண்டா வினாகிரி இருக்கு, தேசிக்காய் ஏன்?

ஆரையம்பதியான்:
பேர் சொல்லி இழுத்ததுக்கு நன்றி அண்ணே. திகதியும் நேரமும் காக்கிற அந்தப் பீப்பாய்ப் பற்றரி நிக்கல்-கட்மியம், அதுக்குள்ள இருக்கிறது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, காரம். வெளிய வந்தாக் காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டோட சேந்து வெள்ளையாப் பூக்குது. ரெண்டுக்கும் அமிலம் வேணும். தேசிப்புளியில சித்திரிக் அமிலம் 5, 6 வீதம். கடை வினாகிரியில அசற்றிக் அமிலம் 4, 5 வீதம். எது கூட எண்டு சாதாரண தரப் பிள்ளையே சொல்லும். வினாகிரி எண்டா விஞ்ஞானம், தேசிக்காய் எண்டா கைவைத்தியமோ?

திருக்கோவில்_பிளொப்பி:
முதல்ல எந்தப் பற்றரி எண்டு ஒருக்காச் சொல்லுங்க. பீப்பாயா, நாணயப் பற்றரியா, பற்றரியையும் கடிகாரத்தையும் உள்ள அடைச்ச டலஸ் சிப்பா? பழசு எண்டு எதைச் சொல்றீங்க, பென்ரியமும் சேத்தியா?

வாவிக்கரை386:
சித்திரிக் அமிலம் 5 வீதம், சரி. மிச்சம்? சீனிச்சத்து, நார், தோலெண்ணெய். அசற்றிக் அமிலம் காத்தில பறந்திடும். சித்திரிக் அமிலம் திண்மம், ஆவியாகாது. கழுவுப்படாத மூலையில சீனியோட ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும், பிறகு எறும்பையும் இழுக்கும். தோலெண்ணெயில இருக்கிற லிமொனின் பொலிஸ்ரைறீன் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். சந்தேகம் எண்டா ஒரு சீடிப் பெட்டி மூடியில தோலைப் பிழிஞ்சு பாருங்க. அரைத் தேசிக்காயைத் தேய் எண்டா தோலும் சேந்துதான் தேயும்.

பாடும்மீன்:
தேசிப்புளியில உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டாக் கச்சான் காத்து வெயிலுக்கு நல்லம். 386க்கு எப்பிடியோ தெரியாது கா.

ஆரையம்பதியான்:
பறந்திடும் எண்டு பெருமையாச் சொல்றீங்க. அந்த ஆவிதான் ஈயத்தைத் தின்னிறது. பழைய காலத்தில வெள்ளைச் சாயம் செய்ய ஈயத் தகட்டை வினாகிரி ஆவியிலதான் அரிக்க விட்டவங்க. அந்தக் காலத்துப் போட்டுப் பத்து முழுக்க ஈயமும் தகரமும் கலந்தது. அதுக்கு மேல வினாகிரியை ஊத்தச் சொல்ற ஆள் தேசிக்காயைக் குறை சொல்றார். சிரிப்பாக் கிடக்கு.

வாவிக்கரை386:
ஈயத் தகட்டை மாசக்கணக்கில மூடி வைக்கிறதும், அஞ்சு நிமிசம் பூசிக் கழுவுறதும் ஒண்டா? தேசிக்காயை ஆராவது மாசக்கணக்கில மூடி வச்சா அது ஊறுகாய்.

மருதமுனைக்_காக்கா:
சண்டையப் புடிங்க, அதுக்கு முந்தி பற்றரியக் கழட்டுங்க மச்சான்மாரே. கனபேர் புடிச்சி இழுக்கிற. இழுத்தா அடியில இரிக்கிற செம்பு வட்டமும் சேந்து வரும். கால் ரெண்டையும் கட்டரால வெட்டி எடுத்திட்டு, மிச்சக் காலை சோல்டரிங் அயனால தனித்தனியா உருவுங்க. கையுறை போடுங்க. கட்மியம் நஞ்சு. வெள்ளைத் தூளை வாயால ஊதப்படாது, பற்றரியக் குப்பையிலயும் போடப்படாது.

பொறகு சொக்கற்றில இரிக்கிற கீபோட் கொன்ட்ரோலர், பயோஸ் சிப் ரெண்டையும் கழட்டுங்க. கீபோட் குத்துற அஞ்சு முனை வட்ட டின் (DIN) சொக்கற்று அனேகமாப் பற்றரிக்குப் பக்கத்திலதான் இரிக்கி. அதுக்குள்ள பச்சை கண்டா அதையும் உருவ வேணும், வெளிய இருந்து துடைச்சிச் சரிவராது. அமிலத்தைப் பஞ்சுக்குச்சியில தொட்டு வெச்சிக் குமிழி நிக்கிற மட்டும் வெய்ங்க. நிண்டா மெல்லிய பிரசால தேய்ச்சி, வடிச்ச தண்ணியில ரெண்டுதரம் கழுவி, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலால தண்ணிய வெளியேத்துங்க. தேசிக்காயோ வினாகிரியோ, கழுவாட்டி ரெண்டும் ஒரே நாசம்தான்.

வாவிக்கரை386:
கடைசி வரியைத் தவிர காக்கா சொன்னதெல்லாம் சரி. கடைசி வரியாலதான் இந்தத் தேசிக்காய்க் கூட்டம் துள்ளுது. "ரெண்டும் ஒண்டுதான்" எண்டு ஒராள் சொன்னாப் போதும், நாளைக்கு மாங்காயோட வந்து நிப்பாங்க.

ஆரையம்பதியான்:
காக்கா, வடிச்ச தண்ணிக்கு எங்க போற? பெற்றோல் செட்டில விக்கிற பற்றரித்தண்ணி சரிதானே?

ஏறாவூர்_ரேடியோ:
பற்றரித்தண்ணி எண்டா அசிட் தம்பி! போட்டு ஓட்டையாப் போகும். என்னைக் கேட்டா நீங்க எல்லாரும் தலைகீழ். பற்றரிக் கசிவுக்கு அப்பச்சோடாதான். ஊருக்கே தெரிஞ்ச விசயம்.

மருதமுனைக்_காக்கா:
நீங்க சொல்ற காரு பற்றரி. அது ஈய-அமிலம், அதுக்கு அப்பச்சோடா. இது நிக்கல்-கட்மியம், காரம். காரத்துக்கு மேல சோடா போட்டா வெள்ளைக்கு மேல வெள்ளை. பெற்றோல் செட்டில ரெண்டும் விக்கிற. ஒண்டு புது பற்றரிக்கு ஊத்துற கந்தக அமிலம், மத்தது குறைஞ்சா நிரப்புற வடிச்ச தண்ணி. போத்தல்ல எழுதியிரிக்கிறத வாசிச்சி வாங்குங்க.

ஏறாவூர்_ரேடியோ:
ரேடியோ திருத்துற ஆக்களுக்குப் பற்றரி படிப்பிக்க வேணாம் காக்கா.

பாடும்மீன்:
கிணத்துத் தண்ணி ஏன் ஆகாது? வாவியோரக் கிணறு எண்டா உப்பும் இலவசமாக் கிடைக்கும்.

திருக்கோவில்_பிளொப்பி:
இடையில ஒண்டு. எனக்குத் தேவை போட் இல்ல, மெசின்ர பிளாஸ்ரிக் பெட்டி. மஞ்சளாக் கிடக்கு. தலைமயிர் வெளுக்கிற 12 வீதப் பெராக்சைட்டுக் கிறீமைப் பூசி வெயில்ல வைக்கச் சொல்றாங்க, சரியா?

வாவிக்கரை386:
வைக்கலாம். கிறீமைப் பூசி மெல்லிய பொலித்தீனால இறுக்கிச் சுத்த வேணும். காத்துக் குமிழி நிண்ட இடமும் கிறீம் காஞ்ச இடமும் வரிவரியா வெளுக்கும், அதைப் பிறகு திருத்த ஏலாது. கச்சான் அடிக்கிற மாசங்கள்ள எங்கட மொட்டைமாடிக்குப் போனாக் கிறீம் கெதியாக் காயும், மெல்லிய மூடி வளையும். காலம வெயிலே போதும், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் புதுசாப் பூசு. வெளுத்தாலும் கனகாலம் நிக்காது, திரும்பவும் மஞ்சள் பிடிக்கும். இதுக்கும் ஆராவது தேசிக்காய் சொன்னா நான் பொறுப்பில்ல.

ஆரையம்பதியான்:
மஞ்சளை ஏன் எடுக்கிற? அந்த வயசுக்கு அதுதான் அழகு. வெளுத்துப்போட்டு "அசல்" எண்டு காட்டுறவங்கதான் வினாகிரிக் கட்சியும்.

வாவிக்கரை386:
அப்ப பற்றரிப் பச்சையும் வயசின்ர அழகுதானே. அதை ஏன் தேசிக்காயால தேய்ச்சீங்க?

பாடும்மீன்:
ஆரையம்பதி, இதுக்குப் பதில் சொல்லு மனே. காத்துக்கொண்டிருக்கம்.

மருதமுனைக்_காக்கா:
ரெண்டு பேருக்கும் நடுவால ஒரு வழி இரிக்கி. கேக் சாமான் விக்கிற கடையில சித்திரிக் அமிலம் தூளா வாங்கலாம். 5 கிராம் தூள், 100 மில்லி வடிச்ச தண்ணி. சீனியும் இல்ல, நாரும் இல்ல, தோலெண்ணெயும் இல்ல, ஆவியும் இல்ல.

ஆரையம்பதியான்:
அதுதானே தேசிப்புளி! காக்காவே ஒத்துக்கொண்டார்.

வாவிக்கரை386:
அது தேசிக்காய் இல்ல. தேசிக்காயில இருந்து தேசிக்காயைக் கழிச்சா வாறது. இன்னொண்டும் சொல்றன். வினாகிரி எண்டு சொன்ன உடனே ஆக்கள் தென்னங்கள்ளு வினாகிரியை வாங்கி ஊத்துறாங்க. அது மண்ணிறம், அதுக்குள்ளயும் வண்டல் இருக்கு. கறிக்குத்தான் அது. போட்டுக்கு வேணும் எண்டது நிறமில்லாத செயற்கை வினாகிரி, லேபல்ல "செயற்கை" எண்டே போட்டிருக்கும். சாப்பாட்டுக்கு மட்டம், போட்டுக்குத் திறம்.

கழுவி முடிச்சாப் பாதி வேலைதான். பூச்சுக் கறுத்த இடத்தையும் பொங்கின இடத்தையும் பிளேட்டால சுரண்டிப் பாக்க வேணும், செம்பு மினுங்கிற மட்டும். கறுத்த செம்பில ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். ஈயம் ஒட்ட உதவுற பிளக்ஸ் கனக்கப் போட்டு மெல்லிசா ஈயம் பூசுங்க. மல்டிமீற்றரைப் பீப்பில வச்சு ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு முனையில தொட்டுப் பாருங்க, துளையளையும் மேலயிருந்து கீழ பாருங்க. பீப் வராட்டி 30 கேஜ் கம்பியால பாலம். கீபோட் சொக்கற்றில 5ஆம் முனைக்கு 5 வோல்ற் வருதா, 4 தரையா, 1 கிளொக், 2 டேற்றா கொன்ட்ரோலர் சிப் வரைக்கும் போகுதா எண்டு பாருங்க. 5 வோல்ற் வராட்டி சொக்கற்றுக்குக் கிட்ட இருக்கிற சின்னப் பியூஸ் போயிருக்கும். கனபேர் "போட் செத்திற்று" எண்டு தூக்கி எறியிறது இந்தப் பியூசுக்காகத்தான். தேசிக்காய்ப் பதிவில இதில ஒரு சொல்லாவது இருந்ததா? பளபளக்குமாம்!

ஏறாவூர்_ரேடியோ:
இவ்வளவு பாடுபட்டு 486ஐ உயிரோட வச்சு என்ன செய்யப்போறீங்க? பாமினி எழுத்துருவில கலியாணக் காட் அடிக்கவா?

வாவிக்கரை386:
ஓம், பாமினிக்கும்தான். இந்தப் பக்கத்து அச்சகங்கள்ர பழைய வேலையெல்லாம் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருள்ர கோப்பும் பாமினி எழுத்துருவுமாத்தானே கிடக்கு. எழுத்துரு மாத்துற மென்பொருளில போட்டா யுனிகோட்டில எழுத்து மட்டும் வரும். பத்தி உடைஞ்ச இடம், எழுத்து இடைவெளி, சுத்திக் கீறின சட்டம் ஒண்டும் வராது. பக்கத்தை அந்தக் காலத்து ஆக்கள் கண்ட மாதிரிக் காண அந்தக் காலத்து மெசின் வேணும்.

ஏறாவூர்_ரேடியோ:
பிளொப்பியில பூஞ்சணம் பிடிச்சிருக்கும், அதையும் வினாகிரியால கழுவுங்க.

பாடும்மீன்:
கல்லடிக் கடற்காத்தில வச்ச மெசினுக்குப் பற்றரி கசியவே தேவையில்ல, காட் குத்துற ஐசா சிலொற் முனையெல்லாம் வாடையோடயே பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில மூடி வைங்க. அரிசிக்குள்ள புதைக்கிறவங்களுக்குச் சொல்றன், தவிட்டுத் தூசு சிலொற்றுக்குள்ள போகும்.

திருக்கோவில்_பிளொப்பி:
பற்றரியைக் கழட்டினாப் பிறகு என்ன போடுற? ஒவ்வொருக்காப் போடேக்கயும் திகதியும் ஹார்ட் டிஸ்க் கணக்கும் மறக்குதே.

ஆரையம்பதியான்:
சிஆர்2032 நாணயப் பற்றரி ஒண்டை அதே இடத்தில ஒட்டினாச் சரி.

வாவிக்கரை386:
பாத்தீங்களா! தேசிக்காய் ஆள் எண்டாத் தேசிக்காய் ஆள்தான். பீப்பாய்ப் பற்றரி சார்ஜ் ஏறுறது. போட்டில இருந்து அதுக்கு மின் வந்துகொண்டே இருக்கும். நாணய லிதியத்துக்குச் சார்ஜ் ஏத்தப்படாது, வீங்கும், வெடிக்கவும் கூடும். இடையில, மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் ஒண்டு போட வேணும். 5817 சொட்கி டயோட், 0.3 வோல்ற்தான் தின்னும். 3 வோல்ற்றில 2.7 மிஞ்சும்.

மருதமுனைக்_காக்கா:
5817ஆ? வேணாம். அது பின்பக்கமாக் கசியிற டயோட், சூடு ஏற ஏறக் கூடும். மறிக்கத்தானே டயோட் போடுற, மறிக்காத டயோட் என்னத்துக்கு? சாதாரண 4148 போடுங்க. 0.6 திங்கிறது கூட மின் ஓடினாத்தான். கடிகாரச் சிப்புக்குப் போறது சில மைக்ரோ அம்பியர், அந்த அளவில அதுவும் கொறையத்தான் திங்கும். கறுப்பு வளையம் போட் பக்கம் பாக்க வேணும்.

வாவிக்கரை386:
சிப் 3 வோல்ற் கேக்கும். 4148க்குப் பின்னால 2.5 வந்தா ரெண்டு கிழமையில திகதி போகும். பழைய டயோட் விவாதத்திலயும் காக்கா இதே பாட்டுத்தான்.

மருதமுனைக்_காக்கா:
அப்ப மூணு அல்கலைன் 1.5 வோல்ற் செல்லை ஒரு டப்பாவில வெச்சி, வயர் இழுத்துப் போட்டுக்கு வெளிய வெய்ங்க. 4.5இல டயோட் தின்னாலும் மிச்சம் தாராளம். கசிஞ்சாலும் டப்பாவோட போகும். கன போட்டுல வெளிப் பற்றரிக்கு நாலு முனையே இரிக்கி, ஜம்பர மாத்தினாச் சரி.

ஆரையம்பதியான்:
அந்தச் செல் கசிஞ்சாலும் காரம்தானே காக்கா? டப்பாவைக் கழுவ எது வேணும் எண்டு நான் சொல்லட்டா?

வாவிக்கரை386:
டப்பாவுக்கு நீங்க மோர்கூட ஊத்தலாம். நான் கேட்டது 5817. பின்கசிவு கூட எண்டு சொல்ற ஆள் அளந்து போடட்டும். மெசினை ஓட விட்டு, பற்றரி வயரில 10 கிலோ ஓம் ரெசிஸ்ரர் ஒண்டைத் தொடராப் போட்டு, அதுக்குக் குறுக்கால மில்லிவோல்ற் பாருங்க. 10 மில்லிவோல்ற் எண்டா 1 மைக்ரோ அம்பியர்.

மருதமுனைக்_காக்கா:
அளக்கலாம். வெயில்ல வெச்சா, நிழல்ல வெச்சா? சூட்டுக்குச் சூடு மாறும் எண்டு இப்பதான் சொன்னன்.

ஏறாவூர்_ரேடியோ:
5817ம் வேணாம் 4148ம் வேணாம், 4007 போடுங்க. கடையில அதுதான் கிடக்கு.

வாவிக்கரை386:
4007க்குத் தனி விவாதம் திறக்கிறன்.