கேம்ப்ல ஃபாதரை பிராங்க் பண்ணணும், ஐடியா குடுங்க

மாங்கா_மண்டி (கிருஷ்ணகிரி):
வணக்கம் மக்களே, நாங்க கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சர்ச் பங்குல இளையோர் குரூப். எங்க ஃபாதர் செம ஜாலி டைப், ஆனா பிராங்க்னா அது அவர் பண்றது மட்டும்தான். போன கிறிஸ்மஸ்க்கு கேரல் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு ராத்திரி குளிர்ல நடுங்கிக்கிட்டே வர்றோம், மேஜை மேல பெரிய கேக், வெள்ளை ஐசிங், மேல செர்ரி எல்லாம் வெச்சு. கத்தியை இறக்குனா இறங்கவே இல்ல, பிசுபிசுன்னு ஒட்டுது, பாத்தா உள்ள முழுக்க கேப்பைக் களி!! அந்தாளு சிரிக்காம கீரை கடைசல் குண்டானை எடுத்துட்டு வந்து வெக்கிறாரு. பசியில ஐசிங்கை வழிச்சு போட்டுட்டு களிய தின்னோம், அது வேற கதை. இப்போ மே கடைசியில சம்மர் கேம்ப், பதிலுக்கு ஏதாவது செய்யணும். ஆனா சிஸ்டர் "சாமியாரை கேலி பண்றது மரியாதை இல்ல"ன்னு இப்பவே முறைக்கிறாங்க. என்ன பண்ணலாம்?

பரிசல்காரன் (பென்னாகரம்):
கேம்ப்ல ஒகேனக்கல் டிரிப் இருந்தா ஒண்ணு சொல்லிடறேன் தம்பி, தண்ணிகிட்ட எதுவும் வேணாம். பக்கத்து பங்கு பசங்க அங்க போயி "ஒருத்தனைக் காணோம் ஃபாதர்"னு விளையாட்டா சொல்லிட்டானுங்க. பாறை எல்லாம் வழுக்கும், சுழல் வேற, அந்த மனுஷன் அங்கியோட ஓடுனாராம், மூஞ்சி வெளுத்து போச்சாம், ஒளிஞ்சிருந்தவன் வெளிய வந்து சிரிச்சப்ப ஒருத்தரும் சிரிக்கல. அதோட மீன் குழம்புகூட யாருக்கும் இறங்கலயாம்.

பழைய_யூத் (தர்மபுரி):
நாங்க யூத்ல இருந்தப்ப இதெல்லாம் சேலம் மறைமாவட்டம், தர்மபுரி தனியா பிரிஞ்சது 1997லதான். சிஸ்டர் கேட்டா புனித பிலிப் நேரியை சொல்லுங்கப்பா. 1515ல பிறந்தவரு, ரோம்ல இருந்த பாதிரியார், ஜனங்க தன்னை ரொம்ப பெரிய மகான்னு நினைச்சுடக்கூடாதுன்னு தாடியில பாதிய மட்டும் மழிச்சுட்டு தெருவுல நடந்தவரு. அவர் திருநாள் மே 26, உங்க கேம்ப் அப்பத்தான வருது? டிசம்பர் 28 மாசில்லா குழந்தைகள் திருநாள், அன்னிக்கு ஸ்பெயின்ல நம்ம ஏப்ரல் 1 மாதிரி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தி விளையாடுவாங்க. அதனால கோயிலுக்கும் கேலிக்கும் ஆகாதுன்னு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, பிலிப் நேரி மழிச்சது தன் தாடிய, அடுத்தவன் தாடிய இல்ல. பீடம், பூசை சாமான் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

ரோஜா_தோட்டம் (ஓசூர்):
எல்லா ஃபாதருக்கும் ஒரு பழக்கம் இருக்கும் பாருங்க, அதைப் பிடிங்க. எங்க பங்குல பூசை முடிஞ்சதும் "கடைசியா ஒரே ஒரு அறிவிப்பு"ம்பாரு, அப்புறம் நாலு வரும், உக்காந்தவங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவாங்க. நாங்க கேம்ப் ஃபயர்ல அவர் ஜெபத்தோட முடிக்கலாம்னு எழுந்ததும் ஒருத்தன் அதே மாதிரி துண்டை தோள்ல போட்டுகிட்டு "கடைசியா ஒரே ஒரு அறிவிப்பு, நாளைக்கு காலைல உப்புமா". அவன் உக்காந்ததும் அடுத்தவ எழுந்து "கடைசியா ஒரே ஒரு அறிவிப்பு, உப்புமால முந்திரி இல்ல". இப்படியே வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. மூணாவது ஆள்கிட்டயே அவருக்கு புரிஞ்சுபோச்சு, வயித்தை பிடிச்சுக்கிட்டு கீழ உக்காந்துட்டாரு. செலவு துண்டுக்கு மட்டும்தான்.

வாலிபர்_அண்ணன் (தேன்கனிக்கோட்டை):
நான் சிஎஸ்ஐ சர்ச், அங்க வாலிபர் சங்கம் பாத்துக்கறேன், அதனால மாட்டுறவங்க பக்கத்துல இருந்து சொல்றேன். பசங்க முன்னாடி அசடு வழியறது எனக்கு ஓகே, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சா அங்கதான் சிக்கல், காலையில பெரியவங்க போன் மேல போன். அதே மாதிரி பைக்ல காத்து இறக்குறது வேணவே வேணாம், எங்க ஊர்ல இருந்து அஞ்செட்டி ரோட்ல யானை நிக்கும், பொழுது சாஞ்சு வண்டி தள்ளிட்டு போறவன் நிலமைய யோசிங்க. அப்புறம் அந்த களி ஃபாதர் ஃபோட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ், ஃபாதர் வேணாம், கேக் போதும் 😂

மாங்கா_மண்டி (கிருஷ்ணகிரி):
அறிவிப்பு ஐடியா ஃபிக்ஸ்! எங்காளு "சுருக்கமா சொல்லிடறேன்"னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் பேசுவாரு, அதையே வெச்சுக்கறோம். பிலிப் நேரி கதைய சிஸ்டர்கிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல, சாயங்காலம் கூப்பிட்டு தனக்கும் ஒரு டயலாக் வேணும்னாங்க. கேக்குக்குள்ள கத்தி நிக்கிற ஃபோட்டோ நைட் போடறேன் அண்ணா.