இங்கிலாந்தில் ஒருநாள் இயற்கைப் பண்ணை வேலை: சுற்றுலா விசாவில் முடியுமா?

கேள்வி: ஜூனில் சுற்றுலா விசாவில் இங்கிலாந்து போகிறேன். ஒருநாள் இயற்கைப் பண்ணையில் தன்னார்வலராக வேலை செய்யலாமா? என்ன வேலை தருவார்கள்?

பதில் 1: பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் பண்ணை என்றால் செய்யலாம். பார்வையாளர் விசாவில் (சுற்றுலா விசாவும் இதுதான்) 30 நாள் வரை இப்படித் தன்னார்வ வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கமே அதுவாக இருக்கக் கூடாது. 1971இல் அங்கே தொடங்கிய 'வூஃப்' (WWOOF) என்ற பண்ணைத் தன்னார்வ முறை வேறு. சாப்பாடு, தங்கும் இடத்துக்கு ஈடாகத் தனியார் பண்ணையில் உழைப்பது வேலையாகவே கருதப்படலாம், அந்த வம்பு வேண்டாம். அறக்கட்டளைப் பதிவு எண்ணை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதில் 2: ஜூனில் பெரும்பாலும் லீக்ஸ் (வெங்காய இனக் காய்கறி) நடவும் களையெடுப்பும்தான். பென்சில் கனமுள்ள நாற்றை 15 செ.மீ. ஆழக் குழியில் இறக்கி, தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். மண் தள்ளி மூடாதீர்கள்! குழி தானாக மெல்ல நிரம்பும். தண்டு பருக்க அந்த இடைவெளி தேவை. லெட்டூஸ் கீரை நேர்மாறு, குருத்து மண்ணுக்குள் போனால் அழுகிவிடும்.

பதில் 3: களைக்கொத்து போடுவது காய்ந்த காலையில் நல்லது. ஈர மண்ணில் வெட்டிய களை மறுபடி வேர்பிடிக்கும். பைண்ட்வீட் என்ற களைக்கொடியைக் கொத்தவே கூடாது; துண்டு வேரும் முளைக்கும், மண் தோண்டும் பெரிய முள்கரண்டியால் முழுசாகத் தோண்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பூட்ஸை மண் போகக் கழுவிவிட்டுப் போங்கள், நோய்க்கிருமி அதில்தான் பண்ணை தாண்டும்.