புதுப்பிப்பு: அது மெட்ராஸ் ஐ இல்லை

போன வாரம் இதே இழையில், இடது கண் சிவந்து நீர் வடிகிறது, மெட்ராஸ் ஐ தானே என்று கேட்டிருந்தேன். பலரும் ஆமாம், நாலு நாளில் சரியாகிவிடும் என்றீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி டியூப்லைட்டைப் பார்க்கவே முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கருவிழி ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. காலையில் மருத்துவரிடம் ஓடினேன். ஆரஞ்சு நிறத் தாள் துண்டைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்ததாம். கருவிழிப் புண். சுரண்டி எடுத்துச் சோதித்ததில் சூடோமோனாஸ் பாக்டீரியா.

காரணம் நான்தான். கான்டாக்ட் லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன், இரண்டு நாள் லென்ஸோடே தூங்கினேன்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. உறுத்தும், நீர் வடியும், இமை ஒட்டிக்கொள்ளும், அடுத்த கண்ணுக்கும் தாவும். பார்வை அவ்வளவாகக் கெடாது. கடும் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் என்று வந்தால் கதை வேறு.

அப்புறம், மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடச் சொன்ன நண்பருக்கு: நல்லவேளை, போடவில்லை. புண்ணை அது இன்னும் மோசமாக்கியிருக்கும் என்றார் மருத்துவர்.

இப்போது மணிக்கொருமுறை ஆன்டிபயாடிக் சொட்டு, ராத்திரியும் அலாரம் வைத்து. வலி குறைந்திருக்கிறது. புள்ளி இன்னும் இருக்கிறது.