குவேக் விளையாட்டில் இசையே இல்லையாம்! இதையும் கேட்க வேண்டியிருக்கிறது

நொய்யல்கரை:
ரீமாஸ்டர் குவேக், அதாவது 2021-இல் வந்த மறுபதிப்பு, பற்றிய இழையில் பவானிசாகரன் எழுதியதை அப்படியே தருகிறேன்: “1996 குவேக்கில் இசை கிடையாது. அதன் பயமே அமைதிதான். 2021-இல் மறுபதிப்புச் செய்தவர்கள் இரைச்சலை ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள்.” அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

குவேக் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு 1996 ஜூனில் வந்தது. இசையும் ஒலிகளும் நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் செய்தவை. சிடியின் முதல் டிராக்கில் விளையாட்டுக் கோப்புகள்; 2 முதல் 11 வரை இசை. அந்த சிடியைப் பாட்டுக் கேட்கும் பிளேயரில் போட்டாலே ஒலிக்கும். விளையாட்டில் வரும் ஆணித் துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டிகளின் மேல் அந்தக் குழுவின் சின்னமே இருக்கிறது. அந்தப் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டே ஓடியவர் இசை இல்லை என்கிறார்! மறுபதிப்பைச் செய்த நைட்டைவ் நிறுவனம் எதையும் ஒட்டவில்லை; இருந்ததைத் திருப்பிக் கொடுத்தது.

பவானிசாகரன்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையா? மகிழ்ச்சி. கோபியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் என் பள்ளிப் பருவமே கழிந்தது. காற்றின் ஊளை, தண்ணீரின் சலசலப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓகர் என்ற அரக்கன் இழுத்துவரும் சங்கிலி ரம்பம், இருட்டில் முனகும் ஸாம்பி. இவ்வளவுதான் கேட்கும். காதால் எதிரியைக் கண்டுபிடித்து விளையாடினோம். மறுபதிப்பில் அந்த முனகலுக்கு மேல் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இசை இருந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

நொய்யல்கரை:
தெரியாது. ஏனென்றால் நீங்கள் விளையாடியது திருட்டு நகல். ஒருவர் சிடி வாங்குவார்; அதன் கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி ஊருக்கே கொடுப்பார். இசை கோப்பாக இல்லை, சிடியில் ஆடியோ டிராக்காக இருந்தது. அது நகலோடு வராது. அசல் சிடியே இருந்தாலும், சிடி டிரைவிலிருந்து சவுண்டு கார்டுக்கு ஒரு மெல்லிய வயர் போக வேண்டும். கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த வயரை மாட்டவே மாட்டார்கள். என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து அசல் சிடி கொண்டுவந்தார். வயரை நானே மாட்டினேன். மீண்டும் சொல்கிறேன்: 2 முதல் 11 வரை.

புதுத்தறி:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் மறுபதிப்பில்தான் தொடங்கினேன். “பழைய குவேக்” என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? டாஸ் பதிப்பா, 3டி கார்டுகளுக்காக 1997-இல் வந்த ஜிஎல்குவேக்கா, 2007-இல் ஸ்டீம் என்ற இணையக் கடைக்கு வந்ததா? ஸ்டீமில் வந்ததிலும் இசை இருக்கவில்லை. இலவசமாக இறக்கிய முதல் அத்தியாயத்திலும் இல்லை. எது அசல் என்று முடிவு செய்துகொண்டால் இந்தச் சண்டையே இருக்காதே?

நொய்யல்கரை:
தம்பி, அசல் என்றால் அசல். 2 முதல் 11.

பவானிசாகரன்:
வயரைப் பற்றி நீட்டி முழக்கியவருக்கு ஒரு கேள்வி. டிரைவில் வேறு ஆடியோ சிடியைப் போட்டுவிட்டு விளையாடினால் என்ன ஒலிக்கும்? அந்த சிடியின் பாட்டு ஒலிக்கும்! விளையாட்டு “இத்தனையாவது டிராக்கைப் போடு” என்று டிரைவுக்குச் சொல்வதோடு சரி. எதைப் போட்டாலும் பாடுமென்றால் இசை விளையாட்டில் இருந்ததா, டிரைவில் இருந்ததா? டிரைவில். ஆகவே குவேக்கில் இசை கிடையாது. நான் சொன்னது சொன்னதுதான்.

மஞ்சள்மண்டி:
ஈரோட்டில் எங்கள் வீட்டில் அது நடந்தது. டிரைவில் அண்ணனின் முருகன் பக்திப் பாடல் சிடி கிடந்தது. முதல் அத்தியாயத்தின் கடைசி அரக்கன் க்தான் எரிகுழம்பிலிருந்து எழுந்து நெருப்புக் கட்டியை வீசும்போது பின்னால் முருகன் பாட்டு. மின்கம்பங்களை இறக்கி அவனைக் கொன்ற பிறகும் பாட்டு நிற்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திட்டினார். வேறு சிடியும் பாடும் என்பதில் பவானிசாகரன் சொல்வது சரி. அமைதிதான் அழகு என்பது மட்டும் அவருடைய கற்பனை. அசல் சிடியின் இசையைப் பிற்பாடு கேட்டேன். அது பாட்டே இல்லை. குகைக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதைக் கேட்காதவர் அந்த விளையாட்டைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

பவானிசாகரன்:
பாதி பார்த்தவனா? மிகக் கடினமான நைட்மேர் நிலையில், சேமித்து வைக்காமல், நான்கு அத்தியாயங்களையும் முடித்தவன் நான். அம்மணி எந்த நிலையில் முடித்தீர்கள்?

மஞ்சள்மண்டி:
கேட்டதற்குப் பதில் வரவில்லை, பரீட்சை வைக்கிறார். கோபிக்காரர்களுக்கு எப்போதும் இதே வழக்கம்.

பொள்ளாச்சி இளநீர்:
நொய்யல்கரை இன்னும் இந்த சிங்கப்பூர் சிடியை விடவில்லையா? டூம் விளையாட்டு பற்றிய இழையிலும் இதே சித்தப்பா வந்தார். பீளமேட்டு விடுதியில் இவரோடு விளையாடியவன் நான். இவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது பென்டியம் அன்று, சைரிக்ஸ் நிறுவனத்தின் சிப். புரோகிராமர் ஜான் கார்மக் குவேக்கின் எஞ்சினைப் பென்டியத்தின் தசமக் கணக்கு வேகத்தை நம்பி எழுதினார். சைரிக்ஸ் அந்தக் கணக்கில் படு மந்தம். படம் நின்று நின்று நகரும். அந்தக் கம்ப்யூட்டரில் இசையை ரசித்தாராம்!

நொய்யல்கரை:
இசை சிடி டிரைவிலிருந்து நேராக சவுண்டு கார்டுக்குப் போகிறது. சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படம் நின்றாலும் இசை நிற்காது. இதுகூடத் தெரியாமல் விடுதியில் இரண்டாம் வருடம்வரை எப்படி ஓட்டினீர்கள்? அதிருக்கட்டும், நீங்கள் வந்ததும் நல்லதாயிற்று. அன்றைய நெட்வொர்க் ஒரே கருப்பு கேபிளில் வரிசையாகப் போகும். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் மூடி இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றினாலும் எல்லாருடைய ஆட்டமும் அறுந்துவிடும். நான் முன்னிலையில் இருக்கும்போது மட்டும் ஜன்னலோரம் இருந்த மூடி ஏன் கழன்றது? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது யார்?

பொள்ளாச்சி இளநீர்:
அந்த மூடி தானாகவே தளர்ந்திருந்தது என்று அன்றைக்கே சொன்னேன். காற்றடித்தாலும் கழலும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியாது.

நொய்யல்கரை:
பீளமேட்டுக்குப் பொள்ளாச்சிக் காற்று வந்து மூடியைக் கழற்றியதா? எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

புதுத்தறி:
ரீமாஸ்டர் பற்றி யாருமே பேசவில்லை. மெஷின்கேம்ஸ் நிறுவனம் செய்த புதிய அத்தியாயம், “டைமென்ஷன் ஆஃப் தி மெஷின்”, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய லெவல்களைவிடப் பெரிது, ஒளியும் நிழலும் அருமை. இன்னொன்று: அமைப்புப் பக்கத்தில் இசையின் ஒலியளவைச் சுழியமாக்கலாம். பவானிசாகரன் அண்ணா அதைச் செய்துவிட்டால் அவருடைய அமைதி அவருக்குக் கிடைத்துவிடும்.

பவானிசாகரன்:
அணைத்து வைக்க நான் ஏன் மெனக்கெட வேண்டும்? ஒட்டியவர்கள் எடுக்கட்டும். பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும். முதல் லெவல், ஸ்லிப்கேட் காம்ப்ளெக்ஸ், எவ்வளவு சிறியது! அதில் ஒரு மூலைகூட வீணில்லை.

புதுத்தறி:
பனியன் கம்பெனியை இழுக்காதீர்கள். எங்கள் ஊர் ஏற்றுமதியில்தான் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் கம்ப்யூட்டர் வந்தது.

நொய்யல்கரை:
திருப்பூர் நூலுக்கு வழி காட்டியதே கோவையின் மில்கள். சரித்திரம் தெரிந்துகொண்டு பேசுங்கள், தம்பி. லெவல் சிறியது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சிறிய லெவலிலும் இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிராக்குகளின் எண்களை நான் எத்தனை முறை எழுதினாலும் ஒருவராவது மறுத்துக் காட்டவில்லை. டிரைவில் இருந்தது என்கிறார். விளையாட்டே அந்த டிரைவில் இருந்த சிடியில்தானே வந்தது? முதல் டிராக் விளையாட்டு, இரண்டாவது டிராக் மட்டும் யாருடையது?

மஞ்சள்மண்டி:
எங்களுடைய டிரைவில் முருகனுடையது.

பவானிசாகரன்:
பாருங்கள், அவரே சொல்கிறார். என் பக்கம் வந்துவிட்டார்.

மஞ்சள்மண்டி:
யார் பக்கமும் வரவில்லை. இருவருமே காது கொடுத்துக் கேட்பதில்லை.

பொள்ளாச்சி இளநீர்:
பேச்சு போதும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவரோடொருவர் மோதும் டிஎம்4 லெவலில் மோதுவோம். காலடியில் ராக்கெட்டைச் சுட்டு அந்த வேகத்தில் எரிகுழம்புக்கு மேலே குதிக்கத் தெரிந்தவர் வாருங்கள். நொய்யல்கரைக்குத் தைரியம் இருக்கிறதா?

நொய்யல்கரை:
இருக்கிறது. மறுபதிப்பில் ஆன்லைன் வசதி இருக்கிறது. உங்கள் கைக்கு எட்டுகிற மூடி எதுவும் அதில் இல்லை. ஆட்டத்தை நான் தொடங்குகிறேன், கடவுச்சொல் தருகிறேன். பவானிசாகரனும் வரட்டும்.

பவானிசாகரன்:
வருகிறேன். நான் மவுஸ் தொடமாட்டேன், கீபோர்டுதான். அதிலேயே உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்தை நீங்கள் தொடங்கக் கூடாது. தோற்க ஆரம்பித்ததும் கரண்டு போய்விட்டது என்று அணைத்துவிடுவீர்கள்.

பொள்ளாச்சி இளநீர்:
நான் தொடங்குகிறேன்.

நொய்யல்கரை:
நீங்களா? ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கையில் மறுபடியும் நெட்வொர்க்கைக் கொடுக்க மாட்டேன். முதலில் அந்த மூடிக்குப் பதில் சொல்லுங்கள்.