மலிவு வி.பி.எஸ். வாங்கிய கதை: நான் மாட்டிக்கொண்ட இடம், நீங்கள் மாட்டிக்கொண்ட இடம்

மூன்று வருடத்துக்கு முன் மொத்தமாகப் பணம் கட்டி எடுத்த ஒரு வி.பி.எஸ். (ஒரு பெரிய கணினியைப் பங்கு போட்டு வாடகைக்கு விடும் மெய்நிகர் சர்வர்) அடுத்த மாதம் முடிகிறது. புதிதாக ஒன்று பார்க்க வேண்டும். போன தடவை எங்கே சறுக்கினேன் என்று எழுதினால் எனக்கும் தெளிவு வரும், உங்கள் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பலருடைய தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் இடத்தில், ஒரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தேன். அதோடு பைத்தானில் எழுதிய சின்ன நிரல் ஒன்று இரவு பகலாக ஓட வேண்டும், ஷேர்டில் அதற்கு வழியில்லை. சரி, வி.பி.எஸ். போகலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது 4 கோர் (பிராசசரின் தனித்தனிக் கூறுகள்), 8 ஜி.பி. ரேம். மற்ற இடங்களில் 1 கோர், 2 ஜி.பி.க்குக் கேட்கும் பணத்தில் பாதிதான். ஒரே நிபந்தனை, மூன்று வருடப் பணத்தை முதலிலேயே கட்ட வேண்டும். கட்டிவிட்டேன்.

முதல் மாதம் தளம் பறந்தது. பிறகு மாலை நேரத்தில் மட்டும் இழுக்க ஆரம்பித்தது. பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், கேஷ் போட்டேன், டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் அமைப்புகளைக் குடைந்தேன். பத்து நாள் இப்படியே போனது. கடைசியில், சர்வரில் என்ன ஓடுகிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையில் சி.பி.யூ. வரியின் கோடியில் 'எஸ்.டி.' என்று இருக்கும் எண்ணைத் தற்செயலாகக் கவனித்தேன். 38 சதவீதம்!

அதற்கு ஸ்டீல் டைம் (திருடப்பட்ட நேரம்) என்று பேர். நம் வி.பி.எஸ். ஓடத் தயாராக இருக்கிறது, ஆனால் அடியில் இருக்கும் நிஜக் கணினி அந்த நேரத்தில் வேறு ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. அப்படி நாம் காத்துக் கிடந்த நேரம்தான் அந்த எண். 4 கோர் என் பேரில் இருந்தது உண்மைதான். அதே கோர்கள் இன்னும் எத்தனை பேர் பேரில் இருந்தனவோ.

இருப்பதைவிட அதிகமாக விற்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள் என்ற கணக்கு அது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்பதை மட்டும் எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் மென்பொருளைப் பாருங்கள் என்று பதில். மூன்று நாள் பதிவை எடுத்து அனுப்பிய பிறகு வேறு நோடுக்கு, அதாவது வேறு நிஜக் கணினிக்கு, மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. பணம் திருப்பித் தரும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

வெறுத்துப்போய் வேறு இடத்தில் மாத வாடகைக்கு 1 கோர், 2 ஜி.பி. எடுத்தேன். முதல் ராத்திரியே நினைவகம் போதாமல் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிட்டது. பி.எச்.பி. ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ் திறக்கலாம் என்பதைக் குறைத்து, ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப்பும் கொஞ்சம் வைத்ததும் அடங்கியது. இன்றுவரை தளம் அதில்தான் இருக்கிறது, அந்த 4 கோரைவிட வேகமாக. பழையது பேக்கப் போட்டுவைக்கும் பரண் ஆகிவிட்டது. அதற்கு மாற்றாகத்தான் இப்போது தேடுகிறேன்.

உங்களுக்கு என்ன நடந்தது?

பதில் 1

நான் மெயில் சர்வர் போடப் போய் மாட்டினேன் நண்பரே. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மெயில் மென்பொருள்கள் எல்லாம் ஒரு ராத்திரி உட்கார்ந்து அமைத்தேன். உள்ளே வரும் மெயில் வருகிறது, வெளியே ஒன்றும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் சர்வர்கள் மெயில் அனுப்பும் வழியான போர்ட் 25ஐ அடைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் மலிவான சர்வரைத்தான் தேடி வருவார்கள் என்பதால் பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. மலிவுக் கடைகள்தான் என்றில்லை, கூகுள் கிளவுடும் வெளியே போகும் 25ஐ அடைத்துத்தான் வைத்திருக்கிறது. சில இடங்களில் கேட்டால் திறப்பார்கள். எனக்குத் திறந்தார்கள்.

அதன் பிறகும் மெயில் திரும்பி வந்தது. எனக்குக் கொடுத்த ஐ.பி. முகவரி ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் தடைப்பட்டியலில் இருந்தது, எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் செய்த புண்ணியம். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே, முன்பு குடியிருந்தவரின் கடன்காரர்கள் வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஐபிவி4 என்னும் பழைய வகை ஐ.பி. முகவரிகள் புதிதாக முளைப்பதில்லை. ஐரோப்பாவுக்கு முகவரி வழங்கும் ரைப் என்.சி.சி. 2019 நவம்பரிலேயே தன் கையிருப்பைக் கொடுத்து முடித்துவிட்டது. பழைய முகவரிகள்தான் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. இப்போதெல்லாம் சர்வர் கையில் கிடைத்ததும் வேறு எதையும் நிறுவுவதற்கு முன் ஐ.பி.யைத் தடைப்பட்டியல்களில் தேடிப் பார்த்துவிடுகிறேன். ஐ.பி.யிலிருந்து அதன் பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் வாங்கும் முன் கேட்டுவிடுவேன். பல மெயில் சர்வர்கள் அதைச் சரிபார்க்கும், முடியாது என்றால் அங்கே மெயில் சர்வர் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பதில் 2

என் கதை சின்னது. மணிக் கணக்கில் கட்டணம் என்றார்கள், வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்தி வைத்தேன். மாத முடிவில் முழு பில் வந்தது. நிறுத்தினாலும் டிஸ்க்கும் ஐ.பி.யும் நம் பேரில்தான் இருக்கும், அழித்தால்தான் மீட்டர் நிற்கும். விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்காதது நான்தான்.

பதில் 3

வாங்கும் முன் மெய்நிகராக்கம், அதாவது ஒரு கணினியைப் பல சர்வர்களாகப் பிரிக்கும் முறை, எந்த வகை என்று பாருங்கள். கே.வி.எம். என்றால் நமக்கென்று தனிக் கெர்னல். ஓபன்விஇசட் என்றால் அடியில் இருக்கும் ஒரே கெர்னலைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். இது தெரியாமல் ஓபன்விஇசட் ஒன்றை வாங்கி, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் நிறுவப் போனேன். கெர்னல் 2.6.32 என்று காட்டியது, டாக்கருக்குக் குறைந்தது 3.10 வேண்டும். கெர்னலை நாமே உயர்த்தவும் வழியில்லை. இப்போது அந்தப் பழைய வகை அருகிவிட்டது, இருந்தாலும் விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இதைவிடப் பெரிய அடி வேறு. வருடச் சந்தாவில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த ஒரு சிறு நிறுவனம் ஒரு நாள் காலையில் இல்லை. சர்வரை நிர்வகிக்கும் பேனல் திறக்கவில்லை, டிக்கெட் பக்கமும் இல்லை, ஒரு வரி மெயில்கூட இல்லை. நான் வாரா வாரம் ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அதுவும் அதே பேனலுக்குள். மடிக்கணினியில் ஆறு வாரத்துக்கு முந்தைய டேட்டாபேஸ் நகல் ஒன்று கிடந்தது, அதை வைத்துத் தளத்தை எழுப்பினேன். அந்த ஆறு வாரம் போனது போனதுதான்.

சிறிய கம்பெனி என்பதால் வந்த வினை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் பெரிய ஹோஸ்டிங் நிறுவனமான ஓ.வி.எச்.சின் எஸ்.பி.ஜி.2 டேட்டா சென்டர் கட்டடம் முழுவதுமாக எரிந்துபோனது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு இரண்டுமே மிஞ்சவில்லை.

பதில் 4

பயமுறுத்தாதீர்கள் சார். ஐந்து வருடமாக இருப்பதிலேயே சின்ன பிளான் ஒன்றில் ஒரு வி.பி.என்.னும் (என் இணையப் போக்குவரத்தை மறையாக்கி அனுப்பும் வழி) டேட்டாபேஸ் இல்லாத இரண்டு ஸ்டாட்டிக் தளங்களும் ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. சர்வர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து எடுத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குத் தகவல் கேபிளில் போக வர குறைந்தது 10 மில்லிசெகண்ட் ஆகும், கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை. என்ன பிராசசர் போட்டாலும் அதைக் குறைக்க முடியாது. நான் செய்த புத்திசாலித்தனம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதிர்ஷ்டம்.

முதலில் எழுதியவன்

எல்லோருக்கும் நன்றி. பதில் 3ஐப் படித்ததும் என் பேக்கப் எங்கே கிடக்கிறது என்று போய்ப் பார்த்தேன். தளம் ஒரு நிறுவனத்தில், பேக்கப் பரண் வேறு நிறுவனத்தில். நல்லவேளை. ஆனால் இரண்டும் ஒரே ஊரில், ஒரே டேட்டா சென்டரில் வாடகைக்கு இருக்கின்றன! இத்தனை நாள் எனக்கே தெரியாது.

நேற்று வேறு நாட்டில் ஒன்றை எடுத்திருக்கிறேன். கே.வி.எம்., 1 கோர், டிஸ்க் மட்டும் பெரிது. மாத வாடகைதான், வருடச் சந்தாவுக்கு இரண்டு மாதம் இலவசம் என்ற ஆசை காட்டலைத் தாண்டி வந்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டீல் டைமைக் கோப்பில் எழுதும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) ஒன்று ஓடுகிறது. நேற்று மாலை அதிகபட்சம் 2 சதவீதம். இன்னும் நான்கு மாலைகள் பார்த்துவிட்டுத்தான் பழையதை அழிப்பேன். நிறுத்தி மட்டும் வைக்க மாட்டேன், பதில் 2 கவனிக்கவும்.